காய்ச்சல் கண்ட காட்டு வாத்து

பெருமக்கள் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி: இனித் தோலுக்கடியில் காய்ச்சல்மானி இல்லாத எந்தக் காட்டு வாத்தும் நம் ஏரிகளில் இறங்காது. ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டாலும் சுற்றுவட்டார வளர்ப்பு வாத்துகள் அனைத்தும் உடனே கொல்லப்பட்டு, மனிதகுலம் காப்பாற்றப்படும்.

அப்படிக் காப்பாற்றத்தான் கால்நடை டாக்டர் இளம்பரிதி, கோணிப்பைகளோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேதவல்லியின் வாத்துப் பட்டிக்கு வந்திருந்தார். உள்ளே நானூறு வாத்துகள். அவள் வாசல் படலை மறித்து நின்றாள்.

"ஒண்ணுக்கும் சீக்கில்ல சார். கையில தூக்கிப் பாருங்க."

"உன்னுதுக்கு இல்லம்மா. ஏரியில எறங்குன ஊசிவால் வாத்துக்கு. அம்பது டிகிரி!" காய்ச்சல்மானியின் அளவு வந்து விழும் கைத்திரையைப் பார்த்தார். "அறுபது! உலகத்துலயே இப்படி ஒரு காய்ச்சல் வந்ததில்ல. தள்ளு."

"இப்ப அது எங்க சார் இருக்குது?"

"பயணியர் விடுதி கிட்ட..." என்றபோதே அவர் போன் அடித்தது. விடுதிச் சமையல்காரரின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, வலையில சிக்குன காட்டு வாத்து ஒண்ணு வந்துச்சு. உங்களுக்குத்தான் குழம்பு கொதிக்குது. எப்ப வரீங்க?"

திரையில் தொண்ணூறு. பையை விரித்தவர்கள் அப்படியே நின்றார்கள். வேதவல்லிக்கு மூச்சு வந்தது.

"அதான் தெரிஞ்சுபோச்சே சார். வுட்டுடுங்க."

டாக்டர் திரையை மேலும் கீழும் தடவினார். "காய்ச்சல்னு மேலிடத்துக்குப் போயிடுச்சும்மா. குழம்புன்னு திருத்த இதுல வழியில்ல."

மதியத்துக்குள் நானூறு வாத்துகளையும் கொன்று முடித்தார்கள். டாக்டர் சாப்பிடப் போனார்.