பேர் போடாத விளம்பரம்

“பெட்டி நிறைய நோட்டீஸ் இருக்கும்போது மறுபடி எதுக்கு அச்சடிக்கணும், லொரெய்ன்? எலி தின்னுட்டுதா?”

டயர் கடைக்காரர் டெஸ்மண்ட், கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். லொரெய்ன் சிரிக்கவில்லை.

“மோட்டல்ல வெச்சிருந்ததையெல்லாம் திரும்ப எடுத்துட்டேன். இனி அதைக் குடுக்க முடியாது.”

“ஏன்? எழுத்துப் பிழையா?”

“முன்பக்கப் படத்தை மாத்தணும்.”

முன்பக்கத்தில் இருந்தது அவளுடைய மாமா. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வரும் வெளியூர்க்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய், எங்கே தோண்டினால் கிழங்கு, எந்தப் பூவில் தேன் என்று காட்டுவது அவர் வேலை. வேன் ஓட்டுவதும் கணக்குப் பார்ப்பதும் லொரெய்ன். மாமாவும் மருமகளும் சேர்ந்து தொடங்கிய தொழில்.

“அந்த மூஞ்சிக்கு என்ன குறைச்சல்? என்னைவிட அழகன். ஓஹோ, ரெண்டு பேருக்கும் சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்ல.”

“அடிலெய்டுக்குப் போன உன் மாமன் வந்தாச்சா? அவனையே அனுப்பு. எம் பேர்க்காரன் வந்து கேட்டா இல்லைன்னா சொல்லப்போறேன்?”

மாமாவின் பெயரும் டெஸ்மண்ட்தான். அதை வைத்தே இருவரும் சிநேகிதர்கள் ஆனார்கள்.

லொரெய்ன் தரையைப் பார்த்தபடி பேசினாள். “சீசன் தொடங்குது. நோட்டீஸ் இல்லேன்னா மோட்டல்காரங்க ஒருத்தரையும் அனுப்ப மாட்டாங்க. வேனை வித்துட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான். பேக்கரிக்காரரும் ஒட்டகப் பண்ணைக்காரரும் ஸ்பான்ஸர் பண்றேன்னுட்டாங்க. பின்பக்கத்தை நீங்க ஏத்துக்கிட்டா உடனே அச்சுக்குக் குடுத்துருவேன்.”

டெஸ்மண்ட் தாடையைச் சொறிந்தார்.

“சரி, தொலை. போன தடவை மாதிரியே பின்பக்கம் பூரா நம்மளுது. ‘டெஸ்மண்ட் டயர்ஸ்’னு பெருசா வரணும். சிவப்பு எழுத்துல போடு, தூரத்துல இருந்தே தெரியட்டும்.”

“அதுதான்...” அவள் குரல் இறங்கியது. “பேரு வேண்டாம்.”

“என்னது?”

“டயர் படம் போடறேன். போன் நம்பர் போடறேன். கடைக்கு வழி போடறேன். பேரு மட்டும் வேண்டாம்.”

டெஸ்மண்ட் அதை வேடிக்கை என்றே நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

“பேக்கரிக்காரன் பேரு?”

“வரும்.”

“ஒட்டகப் பண்ணை பேரு?”

“அதுவும் வரும்.”

“ஒட்டகத்துக்குப் பேரு உண்டு, எனக்குக் கிடையாதா?”

“கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச காலம் போகட்டும். அப்புறம் போட்டுக்கலாம்.”

“காசு என்னோடது, பேரு மட்டும் கூடாதா? ஸ்பான்ஸர்னா என்னன்னு நெனச்சே, உண்டியலா?” கவுண்டரில் கையால் அடித்தார். “உன் வேன் ஆத்து மணல்ல மாட்டிக்கிட்டு நின்னப்ப யாருக்குப் போன் பண்ணினே? அன்னிக்கு இந்தப் பேரைச் சொல்லித்தானே கத்தினே? இன்னிக்கு அது கெட்ட வார்த்தை ஆயிடுச்சா?”

லொரெய்ன் கவுண்டர்மேல் இருந்த தன் பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“சரி, ஒண்ணே ஒண்ணு செய். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு. ஒரு தடவை கூப்பிட்டாப் போதும். முழுச் செலவையும் நானே தர்றேன். பேரும் போட வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். எங்கே, கூப்பிடு பாக்கலாம்!”

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல் வரை போய் நின்றாள்.

“என்னால முடியாது. நான் வர்றேன், குமன்ஜாயி.”

டெஸ்மண்டின் கை கவுண்டர்மேல் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஊரில் அவர் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறார். அந்தச் சொல்லை எத்தனையோ பேரைப் பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறார். தன்னை ஒருவரும் அப்படி அழைத்ததில்லை.

இறந்துபோனவரின் பெயரை லொரெய்னின் பழங்குடியினர் உச்சரிப்பதில்லை, படத்தையும் காட்டுவதில்லை. அதே பெயரோடு உயிருடன் இருப்பவரை அந்தச் சொல்லால்தான் கூப்பிடுவார்கள்.