இல்மாவின் பூட்ஸ்

உலகம் அழிந்து எழுபது வருடம் ஆகிவிட்டது என்றான்.

பீளமேட்டு வாடகை வீட்டு ஹாலில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிவிக்கு முன்னால் நின்று சொன்னான். ஏதோ நேற்றுதான் நேரில் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி.

அவள் தரையில் சம்மணம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் டிவியில் ஓடும் இந்த வீடியோ விளையாட்டுதான் விழுங்கிக்கொண்டிருந்தது. கோபித்துப் பார்த்தாள். சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சரி, மாப்பிள்ளை வெளியே வரமாட்டார் என்றால் நாமே உள்ளே போய்விடுவோம் என்று முடிவு கட்டி, தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லி இன்று வந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் போர். அப்புறம் வானம் பச்சையானது. தப்பித்தவர்கள் பாதாளத்தில் போய்ப் பதுங்கியது. சிவப்புத் தொப்பிக்காரர்கள் யார், அவர்களைக் கண்டால் ஏன் ஓட வேண்டும், எந்தத் தண்ணீரைக் குடித்தால் ஆள் காலி. அவன் விளக்கிய அவ்வளவு நேரம் அந்தப் போரே நடந்திருக்காது.

திரையில் ஒரு வீடு வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு எலும்புக்கூடு, கையில் கரண்டியோடு. பக்கத்து அறையில் ஒரு குடும்பம் குடியிருந்தது.

எழுபது வருடமாக அதை எடுத்து வெளியே போட ஒருத்தருக்குமா தோன்றவில்லை என்று கேட்டாள்.

அவன் திரையில் அந்த வீட்டை அவசரமாகத் தாண்டிப் போனான்.

அடுத்து, அவளுக்கு ஓர் உருவம் தேர்ந்தெடுக்க வேண்டும். முடி, நிறம், மூக்கு. மூக்குக்குத்தான் நேரம் பிடித்தது. கடைசியில் தன்னுடையதைவிடக் கொஞ்சம் எடுப்பான மூக்காக வைத்துக்கொண்டாள். கிடைத்த வாய்ப்பை விடுவானேன்.

திரை இரண்டாகப் பிரிந்தது. அவள் உள்ளே நுழையப் போகும்போது ஒரு வரி குறுக்கே வந்து நின்றது. பயணத்தில் ஒருவருக்கு ஒரு துணைதான்.

அப்போதுதான் அவள் இல்மாவைப் பார்த்தாள்.

இவ்வளவு நேரமும் திரையில் அவன் ஆளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள். தோல் சட்டை, கன்னத்தில் தழும்பு, முதுகில் அவனுடைய மூட்டை முடிச்செல்லாம். பெயருக்குக் கீழே ஐந்து இதயங்கள். ஐந்தும் சிவப்பு.

புதிதாக வந்தவள் பெயருக்குக் கீழேயும் ஐந்து இருந்தன. எல்லாம் காலி. தாலி கட்டியது அந்த உலகத்தில் செல்லாது போலிருக்கிறது.

யார் இது என்று கேட்டாள். சும்மா மூட்டை தூக்குவதற்கு என்றான். குரல் இறங்கிவிட்டது. எவ்வளவு நாளாக என்றாள். காலேஜ் கடைசி வருடத்திலிருந்து என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. பொம்மைதான். அது தெரிந்தும் சுருக்கென்றது.

ஓர் உறையில் இரண்டு கத்தி கிடக்காது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். இல்மாவை அனுப்பிவிடும் பொத்தானை அவன் அமுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு படி அரிசி வெந்திருக்கும்.

அமுக்கினான்.

இல்மா மூட்டையை இறக்கினாள். துப்பாக்கியைக் கீழே வைத்தாள். மருந்துப் பையை வைத்தாள். குனிந்து பூட்ஸையும் கழற்றி வைத்தாள். அவன் கொடுத்ததெல்லாம் அவனுக்கே. செம்புழுதிப் புயலுக்குள் வெறுங்காலோடு நடந்து போனாள்.

ஜெயித்தாகிவிட்டது.

ஆனால் அவள் கண் இல்மாவின் கால்களை விட்டு வரவில்லை.

எங்கே போகிறாள் என்று கேட்டாள். முகாமுக்கு, இரண்டு நாள் நடை என்றான். சிவப்புத் தொப்பிக்காரர்கள் அந்த வழியில்தானே என்றாள். ஆமாம், ஆனால் அவளே போய்ச் சேர்ந்துவிடுவாள் என்றான்.

"நல்லாருக்குதுங்க உங்க நாயம். கால்ல கெடந்ததக் கூடவா கழட்டி வாங்குவீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் பூட்ஸை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஓடத் தெரியவில்லை. சுவரில் முட்டினாள். வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே பாதித் தூரம் போனாள். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல் எல்லாவற்றையும் அமுக்கினாள். எப்படியோ புயலுக்கு நடுவில் பிடித்துவிட்டாள்.

பூட்ஸைக் கொடுத்தாள். அவளுக்கென்று ஓர் இதயம் சிவந்தது. இல்மா அதை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

அவனுடைய பாதித் திரையில், பாதாளத்து வாசலில், அவன் ஆள் மூட்டை முடிச்சோடு நின்றது. உங்களுடன் யாரும் இல்லை என்று விளையாட்டே எடுத்துச் சொன்னது.

அவன் காத்திருந்தான். கூப்பிட்டுப் பார்த்தான். பெண்கள் இருவரும் ஏதோ பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அது ஆறி ஆடை படிந்தது.

கடைசியில் உள்ளே போய் லுங்கியை மாற்றினான். கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டான். தலையைச் சீவி, வண்டிச் சாவியோடு வந்து நின்று, எங்கேயாவது வெளியே போய்விட்டு வரலாமா என்று கேட்டான்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் இத்தனை ஞாயிறும் காத்துக் கிடந்தாள்.

தலையைத் திருப்பவில்லை.

"இவளுக்குக் கால்ல அடிபட்டுருச்சுங்க. ரத்தம் நிக்க மாட்டேங்குது" என்றாள். குரல் நிஜமாகவே நடுங்கியது.

அவன் சாவியை ஜன்னலில் வைத்தான். நீலச் சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான். பாறை இடுக்கில் ஊதா நிறத்தில் ஓர் இலை இருக்கும், அதைப் பறித்துக் கட்ட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னான்.

எங்கே என்று கேட்டபடி, அவள் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.