நடுக்குளத்துக் கொக்கு

"ஏலே மாடக்கண்ணு, மடைச் சாவியை இங்கன கொடு" என்றாள் பிச்சம்மாள்.

குளத்தின் மடையைத் திறந்து பூட்டுகிற நீர்க்கட்டி மாடக்கண்ணு, கொடுத்தான். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாரல் மழையில குளம் பெருகுது. மடைக்கல்லுல பத்தடி காட்டுது. முந்தி நாலு மாசம் கெடந்த தண்ணி, ரெண்டு வருசமா ஒண்ணரை மாசத்துல காலி. என் நெல்லு கருகுது. பக்கத்தூரு இலத்தூர்க்காரனுக்குத் திறந்து விடுதியா?"

"இல்ல ஆச்சி. சாவி ஒங்ககிட்ட இருந்தாலும் இந்த வருசமும் அப்படித்தான்."

"ஏன், கள்ளச்சாவி வச்சிருக்கியோ?"

மாடக்கண்ணு கையை நீட்டிக் காட்டினான். நடுக்குளத்தில் ஒரு கொக்கு நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கால்கூட முழுசாக முங்கவில்லை.

"பத்தடி மடையடியில மட்டுந்தான் ஆச்சி. மத்த எடமெல்லாம் மண்ணு மேவி மேடாயிட்டு. தண்ணி நிக்க எடம் எங்கன இருக்கு?"

பிச்சம்மாள் கொக்கையே வெறித்தாள். அப்போதும் சந்தேகம் விடவில்லை.

"இம்புட்டு மண்ணு தானா வருமா? எவனோ வேணும்னே கொண்டாந்து தள்ளியிருக்கான்."

"மழைதான் கொண்டாந்துச்சு. மலைச்சரிவுல மூணு வருசமா மரமில்ல. மொட்டைக் காட்டு மண்ணு கரைஞ்சு ஓடையில எறங்கிருது."

"மரத்தை வெட்டினவன் எவம்லே? பேரைச் சொல்லு. தென்காசிக் கோர்ட்டுல பிராது கொடுக்கேன்!"

மாடக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டான்.

"வெள்ளைக்காரன் சண்டைக்கு மரம் வேணும்னு கான்ட்ராக்டர் வந்தாரே ஆச்சி, அவருக்குக் காட்டைக் காட்டினது நான். வெட்டிக்கிடலாம்னு காகிதத்துல கைநாட்டு வச்சது நீங்க."

இடுப்பிலிருந்த சாவியை உருவி, பிச்சம்மாள் அவனிடமே நீட்டினாள்.