சுவரில் ஒரு மாடம்

குமரகுரு தன் அண்ணன் மயில்வாகனத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, இருவருக்கும் நடுவில் செங்கல் சுவர் கழுத்து உயரத்துக்கு வந்திருந்தது. அந்தப் பக்கம் அண்ணனின் தலை மட்டும் தெரிந்தது. இன்னும் மூன்று கல் ஏறியதும் அதுவும் தெரியவில்லை.

சுவர் கேட்டவர் குமரகுருதான். அப்பா வீட்டைப் பாகம் பிரித்ததில் முன் தெருவில் வாசல் இருக்கும் பாதி அவருக்கு, பின் தெருப் பாதி அண்ணனுக்கு. ஆனால் கொத்தனார் முனுசாமியை அழைத்து வந்து, மூன்று நாளும் நகராமல் நின்று சுவரை எழுப்பச் செய்தவர் அண்ணன்.

"எப்படா பிரிக்கலாம்னு காத்துக்கினு இருந்திருக்கார்" என்று தெருவெல்லாம் சொன்னார் குமரகுரு.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு காலையில் சுவருக்கு அப்பால் அழுகைச் சத்தம் கேட்டது. பங்காளித் தீட்டாயிற்றே என்று குமரகுரு குழாயடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். சாவுக்குப் போகவில்லை.

"கூடப் பொறந்தவரு மாமா. ஒரு எட்டு போய் முகத்தைப் பாத்துட்டு வந்துடுங்க" என்றாள் மருமகள் கீர்த்தி.

"அவர் ஒரு தடவையாவது என் வாசப்படி ஏறினாராம்மா?"

அண்ணியும் ஓரிக்கையில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டாள். பின் பாதி பூட்டிக் கிடக்கிறது.

கீர்த்திக்கு அந்தச் சுவரைப் பார்த்தாலே மூச்சு முட்டியது.

"ஹால் தீப்பெட்டி மாதிரி இருக்குது மாமா. சுவர்ல ஒரு மாடம் குடைஞ்சு, உள்ள கரும்பச்சை பெயிண்ட் அடிச்சு, லைட் போட்டா டெப்த் கிடைக்கும். சுவரே நாலடி தள்ளிப் போன மாதிரி தெரியும்."

"தள்ளிப் போவட்டும்மா. ரொம்ப நல்லது."

அதே முனுசாமிதான் வந்தார். கீர்த்தி காட்டிய இடத்தைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"ஓரமா வெச்சுக்கலாம்மா. நடுவுல வேணாம்."

"நடுவுல இருந்தாதான் மேஸ்திரி லுக்கே."

"சொன்னா கேளும்மா..."

"என்னாபா இழுக்கிற? அது காட்டின இடத்துல குடை" என்றார் குமரகுரு.

முனுசாமி உளியை வைத்து நாலு தட்டுத் தட்டினார். பூச்சு உதிர்ந்தது. அடுத்த தட்டில் ஒரு செங்கல் முழுசாகக் கையோடு வந்தது. அதில் பொட்டுக் கலவைகூட ஒட்டியிருக்கவில்லை.

குமரகுரு சிரித்தார். "பாத்தியாம்மா உங்க பெரிய மாமா லட்சணத்த! சிமெண்ட்லயும் மிச்சம் புடிச்சிருக்கார்."

"அப்பிடி இல்லீங்க." முனுசாமி செங்கல்லைக் கீழே வைத்தார். "ஒரு கதவு அகலத்துக்கு சிமெண்டே போடல. உங்க பக்கம் ஒரு வரிசை, அவரு பக்கம் ஒரு வரிசை, சும்மா அடுக்கி மேல பூசினது. கிட்டவே நின்னு செய்ய வெச்சாரு. 'என் தம்பி கோவம் எத்தினி நாளைக்கு? மனசு மாறினான்னா கையால தள்ளினாலே உழுந்துடணும்டா'ன்னாரு."

குமரகுருவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்கிட்ட ஏம்பா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாருங்க. 'நான் கூப்ட்டு வரக் கூடாது, அவனா வரணும்'னாரு."

"மாமா..." என்றாள் கீர்த்தி.

அவர் அவள் கையிலிருந்த போனை வாங்கி, ஓட்டைக்குள் வெளிச்சம் அடித்துக் குனிந்து பார்த்தார்.

அண்ணன் பக்கத்துச் செங்கற்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டு, அறை மூலையில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

நின்றுகொண்டிருந்தது இவர் பக்கத்து ஒரு வரிசை மட்டும்தான்.