கையெழுத்துப் போடாத கரண்டக்கா

"ஒரே ஒரு கையெழுத்து கேட்டேன். உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்?" என்றார் மானேஜர்.

கரண்டக்கா பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெயின்ட் கம்பெனியின் எலக்ட்ரீஷியன் அவள். தின்னர் அறையில் ஆவியை வெளியே தள்ளும் விசிறி மாட்டினால், அவள் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். இது விதி. எழுதியவரும் மானேஜர்தான். கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார். தினமும் தூசி தட்டுகிறார்கள். படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

நாளைக்குப் 'பாதுகாப்பான தொழிற்சாலை' விருதுக்காக ஆய்வுக் குழு வருகிறது. பழைய விசிறி போன வாரம் நேரம் பார்த்துப் படுத்துவிட்டதால், அவசரமாகப் புதியது மாட்டியாயிற்று.

"சார், இது தின்னர் ஆவி நிக்கிற ரூம், சட்டுனு தீப்பிடிக்கும். மோட்டார்ல பொறி வந்தா பெட்டிக்குள்ளயே அடங்கணும். அதுக்கு ஃபிளேம்புரூஃப் மோட்டார் வேணும். கனமான வார்ப்புப் பெட்டியா இருக்கும். இது தகர டப்பா. ஒயர் நுழையிற ஓட்டையில டேப்பைச் சுத்தி வெச்சிருக்காங்க."

"ஃபிளேம்புரூஃப்னு தகட்டுல கொட்டை எழுத்துல போட்டிருக்கே. கண்ணு தெரியலையா?"

தகடு இருந்தது. உள்ளங்கை அகலம். ஒரு மூலை பிய்ந்துபோய், மூன்றே ரிவெட்டில் நின்றது.

"புது விசிறிக்கு எப்படி சார் மூலை பிஞ்ச தகடு?"

"லாரியில வரும்போது பிஞ்சிருக்கும். உன் வாய்தான் எதுலயும் பிய்ய மாட்டேங்குது."

"ஒரு பொறி போதும் சார்..."

"பொறி, பொறி, பொறி! நாம என்ன ராக்கெட்டா விடறோம்?"

பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் சிரித்தார். மானேஜர் சொல்லும் எதற்கும் சிரிப்பது அவருடைய உப தொழில்.

சாப்பாட்டு அறையில் கரண்டக்கா உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. விருது கிடைத்தால் எல்லோருக்கும் இரண்டு நாள் லீவு என்று சொல்லியிருந்தார்கள். கைக்கு எட்டிய லீவை இவள் ஒருத்தி மறித்துக்கொண்டு நிற்கிறாள்!

தின்னர் அறையில் கலவை போடும் நாலு பேரில் அவளுடைய வீட்டுக்காரரும் ஒருவர். கடைசியில் அவரையே தூது அனுப்பினார்கள்.

"ஏம்மா, உள்ள நிக்கப் போறது நான். எனக்கே இல்லாத பயம் உனக்கென்ன?"

"உங்களுக்கு இருந்தா நான் ஏன் பயப்படறேன்?"

"எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. பொண்டாட்டியை அடக்கத் தெரியலையான்னு."

"தெரியலைன்னு சொல்லிடுங்க. உண்மையைச் சொல்ல என்ன வெக்கம்?"

சாப்பிட்ட கை காய்வதற்குள் ஓலை வந்துவிட்டது. கீழ்ப்படியாமைக்காக மூன்று நாள் சஸ்பெண்ட். அவள் இடத்தில் ஃபோர்மேன் கையெழுத்துப் போட்டார். விசிறி இருந்த பக்கம் திரும்பாமலே போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக் காலை எட்டு மணிக்குக் கரண்ட். நாலு பேரும் உள்ளே.

பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தவளை வாட்ச்மேன் கை காட்டி நிறுத்தினார். காதில் போன்.

"மானேஜர் வீட்டம்மா பேசறாங்க. சமையல்கட்டு விசிறி கிடுகிடுன்னு ஆடுதாம். சார் நாளைக்குப் பேசற பேச்சை ஒத்திகை பாக்கறார், போனை எடுக்கல. போற வழிதானேக்கா, ஒரு எட்டுப் பாத்துடேன்."

"நான் சஸ்பெண்ட் ஆனவ."

"அது அவங்களுக்கா தெரியும்?"

புருஷன் மேல் இருக்கும் கோபத்துக்கு அந்தம்மா தலையில் விசிறி விழ வேண்டுமா என்ன? கரண்டக்கா போனாள்.

சமையலறைச் சுவரை அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றாள். கனமான வார்ப்புப் பெட்டி. மூடியில் எட்டு போல்ட், எட்டும் இருந்தன. ஒயர் நுழையும் இடத்தில் ஒயரை இறுக்கிப் பிடிக்கும் பித்தளை கிளாண்ட், அச்சாகப் பொருந்தியிருந்தது. சுவரோடு பிடித்திருந்த ஒரு போல்ட் மட்டும் தளர்ந்திருந்தது.

"போன வாரம்தான் மாட்டினார்," என்றாள் வீட்டம்மா. "ரெண்டு அடுப்புக்கு எதுக்கு இவ்வளவு பெரிசுன்னு கேட்டேன். 'கேஸ் கசிஞ்சா ஒரு பொறி போதும், குடும்பமே போயிடும்'னார். எங்க மேல அவ்வளவு உசிரு அவருக்கு!"

கரண்டக்கா மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள். போல்ட்டை முறுக்கி முடித்தபோது பெட்டியின் பக்கவாட்டில் கண் போனது.

உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் இல்லாத ஒரு சதுரம். மூன்று மூலைகளில் வெறும் ஓட்டை. நாலாவது மூலையில், ரிவெட்டோடு ஒட்டிக்கொண்டு, பிய்ந்த தகட்டுத் துண்டு.

அவள் போனை எடுத்து நிதானமாக ஒரு படம் பிடித்தாள். ஆடாமல் இன்னொன்றும் பிடித்தாள்.

"அந்த இடத்தையா படம் எடுக்கறே?" வீட்டம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அங்க ஒரு தகடு இருந்துச்சும்மா. கம்பெனித் தகடாம். நெம்பி எடுத்துட்டுப் போயிட்டார். கம்பெனிப் பொருள் ஒரு துரும்புகூட நம்ம வீட்டுல இருக்கக் கூடாதுன்னுட்டார். இதையெல்லாம் நாளைக்கு வர்ற விருதுக்காரங்ககிட்ட யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"நானே சொல்லிடறேம்மா," என்றாள் கரண்டக்கா.