அரைக் கட்டை

"வேகத்தைக் குறைங்க மிஸ்டர் ஆல்ட்மன். பாட்டு ஓடுது."

வெண்டல் ஆல்ட்மன் பாட்டை நிறுத்தினார். ஐந்து மாதம் உட்கார்ந்து இரைச்சலும் இருமலும் நீக்கிய பதிவு. முதன்முதலாகக் கேட்க வந்த லோர்னா முதல் பாட்டிலேயே குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் லோர்னாவின் கைப்பையில் மூல கேசட் இருந்தது. பொறுத்துத்தான் ஆகவேண்டும்.

எழுபத்து நாலில் நியூயார்க்கில் பதினோரே நாள் ஓடிப் படுத்துவிட்ட இசை நாடகம் அது; கொரீன் மேடக்ஸ் கதாநாயகியாகப் பாடியது. பால்கனியில் ஒளித்துவைத்து எடுத்த ஒரே பதிவு, பிரதியின் பிரதியாக ரசிகர்களிடம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்த பதிவைச் சனிக்கிழமை எல்லோருக்கும் தருவதாக வெண்டல் முந்நூறு ரசிகர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மூலமும் கைக்கு வந்துவிட்டால் அந்தக் கூட்டத்தில் அவர்தான் ராஜா. லோர்னாவோ, கேட்டுப் பிடித்தால்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு, எழுபத்தைந்து வயதில் ரயிலேறி அவர் வீட்டுக்கு வந்திருந்தார்.

"ஓடல மேடம், இப்பதான் ஒழுங்கா நடக்குது. எல்லாப் பிரதியும் சுருதி அரைக் கட்டை கீழே இருந்துச்சு. எவனோ நொண்டி மிஷின்ல பிரதி எடுத்திருக்கான். அச்சுல வந்த இசைக் குறிப்பைப் பார்த்து நான்தான் ஏத்திவிட்டேன். கொரீன் மேடக்ஸோட சுருதி எனக்குத் தெரியாதா?"

"ரொம்பத் தெரியுமோ?"

"அவ குரலைக் கேட்ட பிறகு வேற எவளையும் கட்டிக்கத் தோணல."

"அந்த வேற எவளோ பிழைச்சுட்டா" என்றார் லோர்னா.

வெண்டல் அதைக் கேட்காதமாதிரி காப்பியை நகர்த்தி வைத்தார். "பதிவு பண்ணது உங்கம்மாதானே? அவங்களும் கொரீன் பைத்தியமா?"

"அம்மா நாடகம் பக்கமே போகமாட்டாங்க. அந்த ஒரு தடவைதான். மத்தியானம் போன் போட்டதும் நியூஜெர்சியிலேருந்து பஸ் பிடிச்சு ஓடி வந்தாங்க. ரெக்கார்டரைக் கைப்பையில போட்டு, மேல ஸ்வெட்டரை வச்சு மூடி…"

"பார்த்தீங்களா! நாடகமே பார்க்காதவங்களைக்கூட கொரீன் இழுத்திருக்கா!"

லோர்னா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். "ஆரம்பத்துல ஒரு நிமிஷம் இருக்குமே, அது எங்கே?"

"அதுவா? ஏதோ அறிவிப்பாம். முதல் பிரதி எடுத்தவரே வெட்டிட்டார். நல்லதாப் போச்சு. பாட்டு இல்லாத இடம் யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்."

அவர் கைப்பையைத் திறந்து, மூலை உடைந்த கேசட் ஒன்றை மேசைமேல் வைத்தார். "போடுங்க. வேகத்துல கை வைக்கக் கூடாது."

எத்தனையோ வருடம் தேடிய பொருள். வெண்டல் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். கேசட்டைப் பதமாக உள்ளே தள்ளி, பொத்தானை அழுத்தினார். காகிதச் சரசரப்பு கேட்டது. பிறகு அரங்கத்தின் ஒலிபெருக்கியில் ஓர் ஆணின் குரல்.

"மிஸ் கொரீன் மேடக்ஸுக்குக் கடும் காய்ச்சல். இன்று மாலை அவருக்குப் பதிலாகப் பாடுபவர், மிஸ் லோர்னா பிரிட்சார்ட்."

வெண்டல் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"என் குரலுக்காக வாத்தியத்தையே அரைக் கட்டை இறக்கி வாசிச்சாங்க மிஸ்டர் ஆல்ட்மன்" என்றார் லோர்னா.

கேசட்டில் அரங்கம் முழுக்க "ச்சே!" என்று சலித்துக்கொண்டது. நாற்காலிகள் படபடவென்று மடங்கின. மைக்குக்கு வெகு அருகில், ஒரே ஒரு ஜோடிக் கை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.