நீலத்தில் ஐந்து விரல்கள்

ரத்த ஓட்டத்தை அளவெடுக்கப்போகும் கையை முன்கூட்டியே யாரும் தொட்டுவிடக் கூடாது என்பது அந்த ஆய்வகத்தின் கண்டிப்பு. ஆனால் சோதனைக்கு வந்திருந்த ஞானசேகர் சைக்கிளை மிதிக்கத் தொடங்கியதுமே, யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று சோதனையை நடத்திய நஸ்ரினுக்குத் தெரிந்துவிட்டது. லேசர் ஒளி அவருடைய முன்கையில் விழுந்துகொண்டிருந்தது. ரத்தம் மிகுந்த இடம் திரையில் சிவப்பாகவும் குறைந்த இடம் நீலமாகவும் தெரியும்; ரத்தம் கால்களுக்கு ஓடிவிட, அந்தக் கை நீலமாகிக்கொண்டே வந்தது. நீலத்தின் நடுவே நான்கு விரல்களும் ஒரு கட்டைவிரலும் சிவப்பாகக் கிடந்தன. வெறுங்கண்ணால் தோலைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

“கையை யாராவது இறுக்கிப் பிடிச்சாங்களா சார்?”

“இல்லையே” என்றவர் திரையைப் பார்த்தார். மிதிக்கும் வேகம் குறைந்தது. “நீங்க கூப்பிட்டதும் எந்திரிச்சேன். லேசா தள்ளாடுச்சு. என் வீட்டுக்காரி பையை எடுக்கத்தான் கையை நீட்டுறான்னு நெனச்சேன். என்னைத்தான் பிடிச்சிருக்கா. நாங்க பேசி ரெண்டு வருஷமாச்சு மேடம். துணைக்கு ஆள் வேணும்னு நீங்க சொன்னதாலதான் வந்திருக்கா.”

சோதனையை நிறுத்திவிட்டு, தோல் பழைய நிலைக்குத் திரும்பும்வரை காத்திருப்பதுதான் முறை. நஸ்ரினின் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்த மனம் வரவில்லை. உடம்பு சூடேறியதில் முழங்கைப் பக்கமிருந்து சிவப்பு பரவத் தொடங்கியிருந்தது. சுண்டுவிரல் அதில் கரைந்தது.

“மெதுவா மிதிச்சா இது நிக்குமா?”

“நிக்காது சார். உடம்பு சூடாயிடுச்சு.”

அவர் மிதிப்பதையே நிறுத்திவிட்டார். கையை மட்டும் அசைக்கவில்லை. மோதிர விரலும் மறைந்துகொண்டிருந்தது.

“வெளியதான் உக்காந்திருக்கா” என்றார். “கொஞ்சம் கூப்பிடுங்க மேடம். சீக்கிரம்.”